ஒரு "ஆனாலும்"



அமெரிக்காவில் இருக்கும் பேத்தி எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் படிக்கிறாள். ஆங்கில வாசிப்பு, எழுத்துப் பகுதியில் 64 நிமிடத்தில் 54 கேள்விகள். சிலவற்றில் வாக்கியத்தின் தொடக்கத்தில் கோடிட்ட இடம். ஹவ்எவர், தேர்ஃபோர், ஃபார் எக்ஸாம்பிள் போல நான்கு இணைப்புச் சொற்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"நாலுமே சரியாத் தோணுது தாத்தா" என்றாள்.

"விடைகளைக் கையால மறைச்சுக்கோ கண்ணு. முந்தின வாக்கியத்துக்கும் இதுக்கும் என்ன உறவு? எதிரா, விளைவா, உதாரணமா? அதை முதல்ல சொல்லு. அப்புறம் சொல்லைத் தேடு" என்றேன். அடுத்த ஐந்து கேள்விகளையும் சரியாகப் போட்டாள்.

போனை வைத்த பிறகு ஒன்று உறுத்தியது. வகுப்பில் ஒரு மாணவனைக் காட்டி, "கூலி வேலை செய்பவர் பிள்ளை, ஆனாலும் நன்றாகப் படிக்கிறான்" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். பாராட்டு என்றுதான் நினைத்தேன். அந்த இரண்டுக்கும் நடுவே என்ன எதிர்ப்பு இருக்கிறது? "ஆனாலும்" என் மனதில்தான் இருந்தது. அவன் ஏன் தலைகுனிந்து நின்றான் என்பது இப்போதுதான் புரிகிறது.

தம்பி, இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. நீ நன்றாகப் படித்தாய். அவ்வளவுதான்.