அதே 65 வாட்

எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துப் பழைய கணினியைத் திறந்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பிசின் அப்பியிருக்கும். நிலக்கரித் துகளும் கடல் ஈரமும் சேர்ந்தது அது. பிரஷ்ஷுக்கு அசையாது, ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்தால்தான் வரும். ராயபுரத்திலும் முன்பு இதே கதைதான். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று எண்ணூருக்குப் போனபின், ராயபுரத்து மெஷின்களில் கறுப்பு குறைந்தது. உப்பு குறையவில்லை.

அந்தப் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸ்காரர் ஒருவர் பென்டியம் டூயல் கோர் இ2160 மெஷினோடு என் கடைக்கு வந்தார். "அண்ணே, பில் போட்டா வர்றதுக்குள்ள டிரைவர் டீ குடிச்சிட்டு வந்துடுறான். புதுசு வாங்க இப்ப வசதி இல்ல." பயாஸில் பஸ் வேகத்தை 200இலிருந்து 266 ஆக்கினேன். 1.8 கிகாஹெர்ட்ஸ் 2.4 ஆனது. செலவு இல்லை, அவருக்கும் சந்தோஷம். அது மார்கழி மாதம்.

சித்திரையில் திரும்பி வந்தார். மெஷின் ஒருநாளும் ஹேங் ஆகவில்லை, ஆனால் ஒரு மாத வாடகைக் கணக்கு ஃபைல் திறக்கவே இல்லை. காரணம் நான் ஏற்றிய பஸ்தான். பஸ் வேகம் ஏறினால் ரேம் வேகமும் கூடவே ஏறும். சூடு கூடக்கூட சிப்புக்குள் சிக்னல் நேரத்துக்கு வந்து சேராது. 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 விழும், யாருக்கும் தெரியாது. மெஷின் நின்றுபோயிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். அப்படி ஏற்றிக் கொடுத்தது என் தப்பு. நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கணக்கை நானே உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தேன்.

பிறகு அவர் மெஷினுக்காக ரிச்சி தெருவில் பழைய கோர் 2 டூயோ இ8400 ஒன்று தேடினேன். "குவாட் போடு, க்யூ6600 இருக்கு" என்றார் கடைக்காரர். நாலு கோர்தான், ஆனால் 95 வாட்டுக்குக் குறையாது. முதலில் வந்தவை 105. போர்டில் புராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் கெப்பாசிட்டர்கள் பல வருடம் உப்புக்காற்று குடித்தவை, அந்தச் சுமையை அவற்றின் மேல் ஏற்ற மனமில்லை. இ8400 மூன்று கிகாஹெர்ட்ஸ், 6 எம்பி கேஷ். ஆனாலும் இ2160க்கு இருந்த அதே 65 வாட். 65 நானோமீட்டரிலிருந்து 45க்கு இறங்கியதன் பலன் இது. பில் போடுகிற ஆபீஸுக்கு இதைவிடப் பொருத்தமான சிப் எனக்குத் தெரியாது.

போர்டு கம்பெனியின் பட்டியலில் இ8400 இருக்கிறதா என்று பார்த்தேன். பழைய புராசசர் இருக்கும்போதே, யுபிஎஸ்ஸில் போட்டு, பயாஸை அப்டேட் செய்தேன். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். சாக்கெட்டில் 775 பின்கள், தலைமுடி கனம். முக்கோணக் குறி பார்த்து சிப்பை வைத்தால் தன் எடையிலேயே உட்காரும், அழுத்தக் கூடாது. பேஸ்ட் மிளகு அளவு. ஃபேனின் நாலு காலும் குறுக்குக்குறுக்காக 'டக்' என்று விழ வேண்டும். ஒரு கால் தூக்கியிருந்தாலும் அந்த மூலையில் சூடு இறங்காது.

ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட். மறுநாள் அவர் ஆபீஸிலேயே, கேபினட்டை மூடி, மதியம் இரண்டு மணி வெயிலில், புராசசரை முழுச் சுமையில் ஓட்டிச் சோதிக்கும் பிரைம்95. என் கடை ஃபேனுக்குக் கீழே பாஸ் ஆவது பாஸ் இல்லை. பஸ் வேகத்தைக் கம்பெனி சொன்ன 333க்கு மேல் ஒரு புள்ளிகூட ஏற்றவில்லை.

புராசசர் மாற்றக் கொடுத்தால், மெஷினை அன்றைக்கே கேட்காதீர்கள். ஒரு ராத்திரி கடையில் ஓடட்டும்.