அதிராத மண்ணில் ஓர் அதிர்வு

வாஷிங்டனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்குள்ள வாஷிங்டன் நினைவுத்தூணை அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. 555 அடி உயரம். எஃகுச் சட்டகத்தின் துணையில்லாமல், கல்மேல் கல் அடுக்கி 1884இல் முடித்த கட்டடம். கூர்ந்து பார்த்தால் ஏறத்தாழ 150 அடிக்கு மேல் சலவைக்கல்லின் நிறம் மாறுவது தெரியும். பாதியில் நின்ற வேலையைப் பல ஆண்டுகள் கழித்து வேறு கல்லால் தொடர்ந்ததன் அடையாளம் அது. 2011 ஆகஸ்ட் 23 பிற்பகல் 1.51க்கு வந்த நிலநடுக்கத்தின் அடையாளங்கள் அத்தனை எளிதில் கண்ணில் படா. அன்று உச்சிக் கூம்பின் கற்களில் விழுந்த விரிசல்கள் வழியாக உள்ளே பகல் வெளிச்சம் தெரிந்தது. பொறியாளர்கள் கயிற்றில் தொங்கியபடி வெளிப்புறத்தை ஒவ்வொரு கல்லாகச் சோதித்தார்கள். பழுதுபார்க்க ஒன்றரைக் கோடி டாலர் செலவானது. 2014 மே மாதம்தான் மக்களை மறுபடி உள்ளே விட்டார்கள். இத்தனைக்கும் காரணமான அதிர்வின் அளவு 5.8. கலிஃபோர்னியாக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். கவிழ்ந்து கிடக்கும் ஒற்றைத் தோட்ட நாற்காலியின் படத்தைப் போட்டு, ‘மீண்டும் கட்டியெழுப்புவோம்’ என்று கேலி செய்தது இணையம்.

அந்தச் சிரிப்பில் ஒரு தப்புக்கணக்கு இருக்கிறது. அளவு என்பது பூமிக்குள் வெளிப்பட்ட ஆற்றலைச் சொல்லும் எண். அந்த ஆற்றல் எவ்வளவு தூரம் போகும், எதைத் தள்ளும் என்பதைப் பாறையும் கட்டடமும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் மேற்குக் கரைப் பாறை இளையது, சூடானது, பிளவுகள் நிறைந்தது. அதிர்வலைகளை வழியிலேயே விழுங்கிவிடும். கிழக்கின் பாறை பழையது, குளிர்ந்தது, இறுகியது. அலைகளை நெடுந்தூரம் கடத்தும். அதனால்தான் வர்ஜீனியாவின் ஒரு மூலையில் எழுந்த அதிர்வு தெற்கே ஜார்ஜியா முதல் வடக்கே கனடா வரை உணரப்பட்டது. மையத்திலிருந்து 245 கிலோமீட்டர் தொலைவில்கூடச் சிறு பாறைச் சரிவுகள் நிகழ்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்; அந்த அளவுள்ள நிலநடுக்கத்துக்கு அதுவரை அறிந்திருந்த எல்லையைவிட இது பல மடங்கு அதிகம். அதே 5.8 மேற்கில் ஒரு வட்டாரத்தின் செய்தி. கிழக்கில் பல மாநிலங்களின் செய்தி.

பாதிப்பின் முழுக்கதையை அறியத் தலைநகரை விட்டுத் தென்மேற்கே 135 கிலோமீட்டர் போக வேண்டும். லூயிசா மாவட்டத்தில் ஐந்நூறு பேர்கூட இல்லாத மினரல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில்தான் மையம். வகுப்புகள் நடந்துகொண்டிருந்த நேரம். மாவட்டத்தின் உயர்நிலைப் பள்ளி இனிச் சரிசெய்ய முடியாது என்கிற நிலைக்குச் சேதமானது. புதுக் கட்டடம் 2015இல்தான் திறந்தது. வீடுகளில் செங்கல் புகைபோக்கிகள் விழுந்தன, அடித்தளங்கள் விரிந்தன. நிலநடுக்கக் காப்பீடு வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. வராத ஆபத்துக்கு யார் பணம் கட்டுவார்கள்? தூணுக்கான செலவில் பாதியை ஒரு கோடீஸ்வரர் ஏற்றுக்கொண்டார். புகைபோக்கி இழந்த குடும்பங்களோ மத்திய அரசின் உதவியை முதலில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் பெற்றன.

‘யாரும் சாகவில்லையே, நூறாண்டுக்கு ஒருமுறை வருவதற்கு இத்தனை கவலையா?’ என்று கேட்கலாம். கேள்வியின் முதல் பாதிக்கு மகாராஷ்டிரத்தின் கில்லாரி பதில் சொல்கிறது. அதுவும் பழைய, இறுகிய, அசையாது என்று நம்பப்பட்ட நிலம். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் அங்கே வந்த நிலநடுக்கத்தின் அளவு 6.2, ஆற்றலில் வர்ஜீனியாவைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் இறந்தவர்கள் பத்தாயிரத்தை நெருங்கினார்கள். நான்கு மடங்கு ஆற்றலால் மட்டும் அந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. கில்லாரியில் கல்லும் மண்ணும் சேர்ந்த தடித்த சுவர்கள், கனத்த கூரை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மக்கள். லூயிசாவில் பெரும்பாலும் மரச்சட்டக வீடுகள், பட்டப்பகல். உயிர் தப்பியதற்கு அதிர்வின் சிறுமையைக் காட்டிலும் வீட்டின் இலேசுக்கே நன்றி சொல்ல வேண்டும்.

செலவு பற்றிய இரண்டாம் பாதியில் நியாயம் இருக்கிறது. அபூர்வமாக அதிரும் ஊரில் பழைய கட்டடம் ஒவ்வொன்றையும் இடித்துக் கட்டச் சொல்வது வீண். ஆனால் புகைபோக்கியையும் கைப்பிடிச் சுவரையும் கட்டடத்தோடு பிணைப்பதும், புதிதாகக் கட்டும்போது தூணும் விட்டமும் சேருமிடத்தில் கம்பியைச் சரியாக வளைத்துக் கட்டுவதும் பெருஞ்செலவு இல்லை. மேசைக்கடியில் பதுங்கி அதன் கால்களைப் பற்றிக்கொள்ளப் பழக்குவதற்குச் செலவே இல்லை. அன்று வாஷிங்டனில் ஆயிரக்கணக்கானோர் செய்தது நேரெதிர்: கல்லும் கண்ணாடியும் விழக்கூடிய சுவரோரம் வழியாகத் தெருவுக்கு ஓடினார்கள். தேசியப் பேராலயத்தின் கோபுர உச்சியிலிருந்து அலங்காரக் கற்கள் பெயர்ந்து விழுந்த அதே நிமிடங்கள் அவை.

2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் எழுந்த அதிர்வுக்குச் சென்னை மாடிக்குடியிருப்புவாசிகளும் அப்படித்தான் ஓடிவந்தார்கள். அடுத்த ஆண்டு நிலநடுக்க அபாய மண்டல வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து, அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. கார் நிறுத்தத் தரைத்தளத்தில் வெறுந்தூண்களை மட்டும் விட்டு, மேலே நான்கு மாடி சுமத்தும் வழக்கமோ தொடர்கிறது. சேதமில்லாமல் போகும் சிறு அதிர்வு, கட்டடம் எங்கே பலவீனமானது என்பதை இலவசமாகக் காட்டிவிட்டுப் போகிறது. அதைக் குறித்துவைக்கும் பொறுப்பு, அடிக்கடி அதிரும் ஊரைவிட அதிராத ஊருக்கே அதிகம்; அங்கே அடுத்த தலைமுறைக்கு நினைவூட்ட மண் சீக்கிரத்தில் திரும்ப வராது.