எத்தனை மாசம் ஆச்சு?

நம்ம ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பிரசவ சமாசாரம். லண்டன் ஈஸ்ட்ஹாமில் கேட்டால் விசா சமாசாரம்! தோசைக்கடை க்யூவில், மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது, கோயிலில் விபூதி வாங்கிய கையோடு... எங்கே பார்த்தாலும் ஆம்பிளைகள் ஒருத்தரை ஒருத்தர் மாசக்கணக்கு விசாரித்துக் கொள்கிறார்கள்.

2025 டிசம்பரில் ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் லண்டன் போனேன். கம்பெனி ஓட்டலில் ரூம் போட்டிருந்தது. 'என் தம்பி அங்கே இருக்கும்போது ஓட்டலா?' என்று வீட்டு மேலிடம் ஆட்சேபித்ததால், இரண்டு கிலோ திருநெல்வேலி அல்வாவோடு மச்சினன் வீட்டில் போய் இறங்கினேன்.

ஹீத்ரோவில் எலிசபெத் லைன் பிடித்து, ஒயிட்சாப்பலில் இறங்கி டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினால் ஈஸ்ட்ஹாம். ஸ்டேஷனை விட்டு வெளியே கால் வைத்ததும் ஹை ஸ்ட்ரீட் நார்த். சாம்பார் வாசனை ஆளைத் தூக்குகிறது. தமிழ் போர்டு, மலையாள போர்டு, நகைக்கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, கறிவேப்பிலைக் கட்டு, மகாலட்சுமி கோயில். சாயந்திரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர் மட்டும் இல்லையென்றால் பாண்டி பஜார்தான்.

வீட்டில் ஒரு அறைக்கு இரண்டு பேர். ஹீட்டரை யார் எத்தனை நேரம் போடலாம் என்பதற்குக் கதவில் எழுதி ஒட்டின அட்டவணை. சுவரில் 2026 காலண்டர். தீபாவளி, பொங்கல் எல்லாம் சும்மா இருக்க, ஆகஸ்ட் மாசத்தில் ஒரு தேதியை மட்டும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தான்.

"கல்யாணத் தேதியா மாப்ளே?"

"இல்லத்தான். நான் வந்து அஞ்சு வருஷம் முடியுற நாள். அன்னிக்கு பி.ஆர். போடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "போடலாம்னு இருந்துது" என்றான்.

விஷயம் இதுதான். பிரிட்டனில் ஒரு கம்பெனி 'இந்த ஆள் எங்களுக்கு வேணும்' என்று ஸ்பான்ஸர் செய்தால்தான் ஸ்கில்டு ஒர்க்கர் விசா. அப்படி அஞ்சு வருஷம் ஓட்டினால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கலாம். அதைத்தான் நம்மவர்கள் பி.ஆர். என்கிறார்கள். இந்த அஞ்சைப் பத்தாக்கப் போகிறோம் என்று 2025 மே மாசம் அரசாங்கம் வெள்ளை அறிக்கை விட்டது. நவம்பரில் வந்த விவர அறிக்கையில், ஏற்கெனவே நாட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும், 2026 ஏப்ரலிலிருந்து ஆரம்பிக்கும் என்று ஒரு யோசனை. ஜனங்கள் கருத்துச் சொல்ல 2026 பிப்ரவரி 12 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். ஏப்ரல் எங்கே, மச்சினனின் ஆகஸ்ட் எங்கே? நாலே மாசம்!

"அதுல ஒரு சலுகை இருக்குத்தான். வருஷம் 50,270 பவுண்டுக்கு மேல, மூணு வருஷம் தொடர்ந்து சம்பாதிச்சிருந்தா அஞ்சு வருஷத்தைக் குறைப்பாங்களாம்."

"உனக்கு எவ்வளவு?"

"நாப்பத்து நாலாயிரம்."

ஆறாயிரத்துச் சொச்சம் பவுண்டுக்கு அஞ்சு வருஷம்! இதைவிடக் கொடுமை, 2022-ல் வேறொரு கம்பெனி இவனை 52,000-க்குக் கூப்பிட்டிருக்கிறது. கம்பெனி மாறினால் புது ஸ்பான்ஸர், புது விண்ணப்பம், நடுவில் எதாவது இசகுபிசகானால் மூட்டை கட்ட வேண்டும் என்று பயந்து மறுத்துவிட்டான். சமர்த்துப் பிள்ளையாக இருந்ததற்குத் தண்டனை. ('ரிஸ்க் எடுக்காதே' என்று அப்போது போனில் புத்தி சொன்னது யார் என்கிறீர்கள்? அடியேன்தான். அல்வா தொண்டையில் அடைத்தது.)

இனிமேல் வருகிறவர்களுக்குக் கதவு இன்னும் குறுகல். 2024 ஏப்ரலுக்கு முன்பு 26,200 பவுண்டு சம்பளம் இருந்தால் பொதுவாகப் போதும். பிறகு 38,700 ஆக்கினார்கள். 2025 ஜூலை 22 முதல் 41,700. நம்ம கணக்கில் வருஷத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம்! வேலையும் பட்டதாரி தரத்தில் இருக்க வேண்டும். 2026 ஜனவரி 8 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஆங்கிலப் பரீட்சையும் ஒரு படி மேலே, 'பி2' தரம். மருத்துவ வசதிக்கென்று தலைக்கு வருஷம் 1,035 பவுண்டு தனியாக அழ வேண்டும். அங்கேயே படித்துவிட்டு வேலை தேடத் தங்கும் பையன்களுக்கு இரண்டு வருஷ அவகாசம், 2027 ஜனவரியிலிருந்து ஒன்றரை வருஷம்.

மச்சினன் புலம்பலை எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தார், அறைத் தோழரான நாகர்கோவில்காரர். முதியோர் இல்லத்தில் வேலை. 2023-ல் ஏஜென்ட்டுக்கு 12 லட்சம் கொடுத்து வந்தவர். ஸ்பான்ஸர் செய்த கம்பெனியின் லைசென்ஸ் ரத்தாகி, இவருக்கும் லெட்டர் வந்துவிட்டது. அறுபது நாளில் வேறு ஸ்பான்ஸர் பிடிக்க வேண்டும். இந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலையில் நிறுத்தியாகிவிட்டது. பட்டதாரி தரத்துக்குக் கீழே உள்ள வேலைகளுக்கு நவம்பர் யோசனைப்படி பதினைந்து வருஷம்!

"அண்ணாச்சி, உங்களுக்கு எத்தனை நாள் பாக்கி?" என்று கேட்டேன்.

"முப்பத்தொண்ணு" என்றார். மாசம் இல்லை, நாள். அதற்குப் பிறகு மச்சினன் அன்று புலம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மானர் பார்க் சர்ச் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்தே போனோம். சர்ச் ரோட்டில் ராஜகோபுரம்! சமூக சேவை செய்தால் சில வருஷம் குறைப்பு உண்டென்று அந்த யோசனையில் ஒரு வரி இருக்கிறதாம். அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்கிய பையன் ஒருவன், "அண்ணே, இது கணக்குல சேருமா?" என்று மச்சினனைக் கேட்டான். சிரித்தோம். ஆனால் அவன் பதிலுக்காகக் காத்து நின்றான்.

கோயில் வாசலிலேயே ஊரிலிருந்து போன். பெண் வீட்டுக்காரர். தை மாசம் நிச்சயம் வைத்திருக்கிறார்கள். 'ஆகஸ்ட்டில் பி.ஆர்.' என்று சொல்லித்தான் பேச்சே ஆரம்பித்தது.

"சொல்லிடவா அத்தான்?"

"சொல்லிடு."

"மாமா, இங்கே ரூல் மாறப்போவுது... பத்து வருஷம்கூட ஆகலாம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கடைசியில், "அங்கே குளிர் ஜாஸ்தியோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மூன்று நாள் போன் இல்லை. நான் கிளம்பும் அன்று ஈஸ்ட்ஹாம் ஸ்டேஷனில் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், செல்போனைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். என்னிடம் நீட்டினான். பெண்ணே அனுப்பியிருந்தாள்:

'அப்பாவை விடுங்க. அந்த 52,000 கம்பெனியில இப்போ ஆள் எடுக்கறாங்களா?'