சீனக் கடையில் அம்மாவுக்கு என்ன வாங்கலாம்?

வானொலியில் ‘இன்றைக்கு எங்கே சாப்பிடலாம்?’ என்று ஒரு வரி கேட்டால் போதும், வாட்ஸ்அப் நிறைந்துவிடும். வாழையிலைச் சாப்பாடு, நாசி லெமாக், ரொட்டி சானாய் என்று பட்டியல் நீளும். சீனக் கடை என்று வரும்போது மட்டும் நேயர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி, “கிள்ளான்ல இந்தக் கடைய விட்றாதீங்க” என்று லொக்கேஷனோடு அனுப்பும். இன்னொரு கட்சி, “வீட்டுல பெரியவங்க இருக்காங்க, சீனக் கடையில அவங்களுக்கு என்ன வாங்கறது?” என்று கேட்கும்.

இரண்டாவது கேள்வி என் வீட்டிலும் உண்டு.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்தவர். சம்பளம் போட்ட வாரத்தில் ஒரு நாள் இரவு எங்கள் எல்லாரையும் தாமான் முனையிலிருந்த கோப்பிக் கடைக்கு அழைத்துப் போவார். கறுப்புக் கிச்சாப்பில் புரட்டிய, கோழி போட்ட ‘வந்தான் மீ’ வாங்கித் தருவார். ஒவ்வொரு முறையும் “யாரு வந்தான்?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். அம்மாவுக்கு மீயைவிட அதோடு வரும் ஊறவைத்த பச்சை மிளகாய்தான் உயிர்.

ஆறு வருடங்களுக்கு முன் அப்பா தவறினார். அதிலிருந்து அம்மா சுத்த சைவம். குடும்பமாகச் சீனக் கடைக்குப் போனால் எங்களுக்கு மீ வரும், அம்மாவுக்குப் பார்லி தண்ணீர் வரும். “நீங்க சாப்பிடுங்க, நான் வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கிறேன்” என்பார். எதிரில் அம்மா சும்மா உட்கார்ந்திருக்க, யாருக்குச் சாப்பாடு இறங்கும்? கொஞ்ச நாளில் நாங்களும் போவதை நிறுத்திவிட்டோம்.

பிரிக்பீல்ட்ஸில் சைவக் கடைக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். பஞ்சமே இல்லை. ஆனால் தோசைக்காக அம்மா ஏங்கவில்லையே! அவர் ஏங்கியது மீக்கு. அதனால் தேட ஆரம்பித்தேன்.

முதலில் எனக்குப் புரிந்தது, ‘சீனச் சாப்பாடு’ என்று ஒன்று தனியாகக் கிடையாது என்பது. நம்மில் செட்டிநாடு, யாழ்ப்பாணம் என்று சமையல் மாறுவதுபோல அவர்களிடமும் ஊர் ஊருக்கு மாறும். ஈயம் தோண்ட வந்து கோலாலம்பூரை வளர்த்தவர்களில் ஹக்கா, கண்டனிஸ் மக்கள் அதிகம். அம்பாங்கின் யோங் தாவ் ஃபூ ஹக்கா சமையல். கிள்ளான் ஹொக்கியென் ஊர். 2024-இல் தேசிய பாரம்பரிய உணவாக அறிவிக்கப்பட்ட பாக் குட் தே அவர்களுடையது. வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல்காரர்களாக இருந்த ஹைனான் மக்கள் கோப்பிக் கடைகளைத் திறந்தார்கள். 1928-இல் தொடங்கிய யுட் கீ இன்றும் அதற்குச் சாட்சி. ஒரு கடை யாருடைய சமையலைச் செய்கிறது என்று தெரிந்தால், அங்கே எதைக் கேட்டால் நன்றாக இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்து, கோப்பிக் கடையின் அமைப்பு. தண்ணீர் விற்பவர் ஒருவர், மீ போடுபவர் வேறொருவர். பெரும்பாலும் ஒவ்வொரு அடுப்பும் வாடகைக்கு எடுத்த தனிக் கடை. “இதில் என்ன போடுகிறீர்கள்?” என்று தண்ணீர் கொண்டுவரும் பையனிடம் கேட்டுப் பயனில்லை. அடுப்புக்கு முன்னால் நிற்பவரிடம் கேட்க வேண்டும். ஒன்றோ இரண்டோ மட்டும் சமைக்கும் அடுப்பு, ஐம்பது வகை எழுதிப்போட்ட அடுப்பைவிட நம்பிக்கையானது. கரி அடுப்பில் வறுக்கும் ஹொக்கியென் மீயின் புகை வாசம் தெருமுனை வரை வரும்.

மாட்டிறைச்சி சாப்பிடாத நம்மவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. குவான் யின் தாயை வணங்கும் சீனர்கள் பலரும் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. “நானும் சாப்பிட மாட்டேன்” என்று தவுக்கேயே சொல்லும்போது அந்த இடம் நம் வீடு மாதிரி ஆகிவிடும். சைவம் என்றால்தான் கவனம் வேண்டும். கீரையில் சிப்பிச் சாறு இருக்கலாம். கங்கோங்கில் பெலாச்சான் இருக்கலாம். சூப்பில் நெத்திலி, வறுத்த மீயில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். மஞ்சள் மீயில் முட்டை சேர்ப்பதும் உண்டு. முட்டையும் வேண்டாம் என்பவர்கள் அரிசியில் செய்த மீ ஹூன் அல்லது கோய்த்தியாவ் கேட்பது நல்லது. ‘சாயூர் சாஜா’ என்று மட்டும் சொன்னால் காய்கறி வரும், ஆனால் அது சைவம் என்று அர்த்தமில்லை. கோலாலம்பூர் கண்டனிஸ் பேச்சில் ‘சிக் ஜாய்’, கிள்ளான் ஹொக்கியென் பேச்சில் ‘சியா சாய்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘விரதச் சாப்பாடு’ என்று உடனே புரிந்துகொள்வார்கள்.

புரிந்துகொள்ளக் காரணம் இருக்கிறது. சீன மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் பலர் சைவம் சாப்பிடுவார்கள். நம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டியே அந்த நாள்கள் வரும். புத்த சமயச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. அம்மாவின் விரதச் சமையலிலும் இந்த இரண்டுக்கும் இடமில்லை. ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் திருவிழா. அம்பாங் கோயிலைச் சுற்றிச் சைவக் கடைகள் முளைக்கும், மஞ்சள் கொடிகள் பறக்கும், தீமிதியும் நடக்கும். இரண்டு பக்கமும் அமாவாசையை வைத்துக் கணக்கிடுவதால் பல ஆண்டுகளில் இது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். 2023-இல் இரண்டும் அக்டோபர் 15 தொடங்கின, 2024-இல் அக்டோபர் 3. சீன நாட்காட்டியில் ஒரு மாதம் கூடுதலாக வந்த 2025-இல்தான் பிரிந்தன. நாம் கொலு வைக்கும் அதே இரவுகளில் பக்கத்துத் தாமானில் அவர்களும் விரதம் இருக்கிறார்கள். இத்தனை வருடம் ஒரே ஊரில் வாழ்ந்தும் இதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸும் இதே கதைதான். 2010-இல் லிட்டில் இந்தியா ஆன இடம், 1881-இன் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு ஊரைச் செங்கல்லில் கட்ட வேண்டி எழுந்த சூளைகளால் பெயர் பெற்றது. சூளை நடத்தியவர்களில் சீனக் கப்பித்தான் யாப் குவான் செங்கும் ஒருவர். ஜாலான் ஸ்காட்டில் கந்தசாமி கோயில், ஜாலான் தம்பிப்பிள்ளையில் சீனர்களின் சாம் காவ் தோங் கோயில். இரண்டு பக்தர்களும் அதே தெருக்களில்தான் பசியாறுகிறார்கள்.

கடைசியில் கடை கிடைத்தது கிள்ளானில், ஒரு தாமானின் பின்வரிசையில். வாசலில் நம் ஸ்வஸ்திக் மாதிரி ஒரு சின்னம், உள்ளே குவான் யின் படம். வயதான கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அம்மா உட்கார்ந்ததும் அந்த ஆண்டி மலாயில் கேட்டார்: “பாவாங் மாக்கான்? தெலூர் மாக்கான்?” வெங்காயம் சாப்பிடுவீர்களா, முட்டை சாப்பிடுவீர்களா என்று. இரண்டுக்கும் அம்மா தலையாட்டி மறுத்தார். “சாயா பூன் சாமா” என்று சிரித்தார் ஆண்டி. நானும் அப்படித்தான்.

தட்டில் சிவப்பாக ஏதோ இருந்தது. “மா, இது கோழியா?” என்று அம்மா கையை இழுத்துக்கொண்டார். “கண்டும், கண்டும்” என்றார் ஆண்டி. கோதுமை மாவைக் கழுவி எடுக்கும் பசையில் செய்தது. கறுப்புக் கிச்சாப்பில் புரட்டிய மீ ஹூன், காளான், பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் ஊறவைத்த பச்சை மிளகாய். அம்மா முதலில் அந்த மிளகாயைத்தான் எடுத்தார். பாதி சாப்பிட்ட பிறகு, “உங்கப்பா இருந்திருந்தா, இதுக்கும் யாரு வந்தான்னு கேட்டிருப்பாரு” என்றார். ஆறு வருடங்களில் சாப்பாட்டு மேசையில் அப்பாவைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே பேசியது அன்றுதான்.

நட்சத்திரம் எண்ணிக் கடை தேடுவது தவறில்லை, நானும் தேடுகிறேன். ஆனால் ருசி எப்படி என்று சொல்லும் கைத்தொலைபேசி, ‘நீங்கள் எதைச் சாப்பிட மாட்டீர்கள்?’ என்று நம்மைக் கேட்பதில்லை. அதைக் கேட்டுச் சமைப்பவர் இருக்கும் கடையே நம் குடும்பத்துக்கு நல்ல சீனக் கடை. அதைக் கண்டுபிடிக்க, தெரிந்த சீன நண்பரிடம் “உங்க அம்மா விரத நாள்ல எங்கே சாப்பிடுவாங்க?” என்று கேளுங்கள். அவர் அனுப்பும் இடம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

தள்ளிப்போட வேண்டாம். அந்த ஆண்டியின் பிள்ளைகள் இருவரும் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கடையை எடுத்து நடத்த ஆள் இல்லை. “முட்டி வலி வர்ற வரைக்கும் போடுவோம்” என்றார் கணவர். அம்மா இப்போது அமாவாசைக்கு முந்தின நாளே எனக்கு நினைவுபடுத்துகிறார்: “நாளைக்குக் கூட்டமா இருக்கும், சீக்கிரம் கிளம்பிடுவோம்மா.”