கண்ணாடிக் கடையின் சின்னம்

அறந்தாங்கியில் கண்ணாடிப் பாத்திரங்களும் வீட்டுச் சாமான்களும் விற்கும் என் பழைய மாணவர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் என்னருகே வந்தமர்ந்தார். "ஹஜரத், கடையின் சின்னத்தை மாற்றப் போகிறோம். அந்நூர் அத்தியாயத்தில் கண்ணாடியைக் குறித்து வரும் 'ஸுஜாஜா' என்னும் சொல்லைத் தாங்கள்தாம் அரபியில் அழகாக எழுதித் தர வேண்டும்" என்றார்.

அவருடைய அத்தா காலத்துச் சின்னம் அரிக்கேன் விளக்கின் சிம்னி. பெயர்ப்பலகை எழுதுபவர் ஒருவர் வரைந்தது. ஒரு பக்கம் சற்றே கோணல். கிராமத்துப் பெண்கள் 'சிம்னிக் கடை' என்றே சொல்லுவார்கள். அரிக்கேன் விளக்குகளெல்லாம் பரணேறிய காலத்தில் சிம்னி எதற்கு என்பது மகனின் வாதம்.

எழுத்தழகில் எனக்குள்ள ஆசையை அவர் அறிவார். நான் உடனே இசைந்ததோடு நில்லாமல், மம்லூக் சுல்தான்களின் காலத்துக்கே சென்றுவிட்டேன். கி.பி. 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் பள்ளிவாசல்களுக்கென எனாமலும் பொன்னும் தீட்டிய கண்ணாடி விளக்குகள் செய்யப்பட்டன. அவற்றுள் பலவற்றில் அந்த 35ஆம் வசனமே பொறிக்கப்பட்டது. உடன் செய்வித்த அமீரின் சின்னமும் இருக்கும். சுல்தானுக்குப் பானம் வழங்கும் பதவி வகித்தவருக்குச் சின்னம் ஒரு கிண்ணம். இச்சின்னத்தை அரபியில் 'ரன்க்' என்பர். நிறம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது அது. தம்பி வாய் திறவாமல் கேட்டார். அன்றிரவே நாணற்பேனாவால் எழுதியும் முடித்தேன்.

மறுநாள் கடைத்தெருவில், எந்தக் கடையினதோ ஒரு பை, மீன் செதிலோடு சாக்கடையோரம் கிடந்தது. நான் எழுதிய சொல்லும் பைகளில்தானே அச்சாகும்! மம்லூக் விளக்குகள் உயரத்தில் தொங்கின; பைகளுக்கு அந்தப் பேறு இல்லை. இதை முன்பே நினையாதது என் பிழை. தாளைக் கொடுக்காமலே விஷயத்தைச் சொன்னேன்.

அவர் வருந்தவில்லை. தாம் அறிந்த ஒரு செய்தியைச் சொன்னார். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1915இல் 'பைரெக்ஸ்' பாத்திரங்களை விற்கத் தொடங்கியது; திடீர்ச் சூட்டைத் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி அது. 1998இல் அந்நிறுவனம் வீட்டுப் பாத்திரப் பிரிவை விற்றுவிட்டது. இன்று அமெரிக்காவில் அப்பெயரில் விற்பது சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, ஐரோப்பாவிலோ போரோசிலிகேட். எனவே அப்பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் உள்ளதா, சிறிய எழுத்தில் உள்ளதா என்று பார்த்து வாங்குவோர் உண்டாம். அந்த அடையாளம் எல்லாக் காலத்துப் பாத்திரத்துக்கும் பொருந்துவதில்லை என்றும் சொன்னார்.

"எழுத்தின் வடிவத்தையே இவ்வளவு நம்புகிறார்களா!" என்றேன்.

"சிம்னியையும் அப்படித்தான் நம்புகிறார்கள், ஹஜரத். அத்தா ஒவ்வொரு தம்ளரையும் விரலால் சுண்டி, ஓசையைக் கேட்கவைத்துத்தான் கொடுப்பார்கள்" என்றவர், சிறிது நேரம் பேசவில்லை.

சிம்னியே நிலைத்தது. கோணலை மட்டும் நிமிர்த்தச் சொல்லிவிட்டாராம். எனக்கு அதிலும் சம்மதமில்லை; ஆனால் கடை அவருடையது.