ஆப்பு கழன்றபோது

பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு காலணிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு சுழல் துப்பாக்கி. கணவரின் கொள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போரில் ஏந்தியது என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. கணவர் இப்போது இல்லை. பேரனுக்குக் கொடுக்குமுன் கதை மெய்தானா என்று தெரிய வேண்டும் என்றார்.

முதலில் டார்ச் அடித்து ஆறு அறைகளையும் பார்த்தேன். குண்டு இல்லை, பின்னால் தீப்பொறி தரும் கேப்பும் இல்லை. அதன் பிறகுதான் கையில் எடுத்தேன். சுத்தி பின்னுக்கு வரவில்லை, சிலிண்டர் சுற்றவில்லை. எண்கோணக் குழல், மேலே பாலமில்லாத திறந்த சட்டகம். பார்த்தவுடன் கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி என்று சொல்லிவிடலாம். சிலிண்டரில் துருவுக்கு அடியில் பாய்மரக் கப்பல்கள் மங்கலாகத் தெரிந்தன. 1843 மே 16 அன்று டெக்சஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு மோதிய காட்சி அது. நேவி என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது.

ஆனால் சட்டகம் பித்தளை. கோல்ட் தன் நேவியின் சட்டகத்தைப் பித்தளையில் செய்ததில்லை. போரின்போது இரும்புக்குத் தட்டுப்பாடு வந்த தென்மாநிலங்களில்தான் இதன் நகல்களுக்குப் பித்தளைச் சட்டகம் வார்த்தார்கள். ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்டுவில் பட்டறையில் அப்படி மூவாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் என்பதை எந்தச் சேகரிப்பாளரும் மறக்கக் கூடாது. 1864 நவம்பரில் வடக்குப் படை அந்த ஊரை எரித்தது. அவர்கள் செய்த சிலிண்டர்களில் கப்பல் சித்திரம் கிடையாது. ஆக, கையில் இருந்தது இரண்டு வம்சத்திலும் சேரவில்லை.

விடை உள்ளே இருந்தது, திறக்கத்தான் வழியில்லை. மூன்று நாள் துரு நீக்கும் எண்ணெயில் ஊறவைத்தும் அசையவில்லை. தவறு என்னுடையது. கருமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும். எரிந்தபின் அதில் பாதிக்கு மேல் திடக்கசடாகவே தங்கிவிடும். பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள். காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிப்பவை. உப்பு எண்ணெயில் கரையுமா? மரப்பிடியைக் கழற்றிவிட்டு வெந்நீரில் துளி சோப்புக் கலந்து முக்கினேன். அழுகிய முட்டை வாடையோடு தண்ணீர் கறுத்தது. மூன்று முறை மாற்றினேன். நன்றாக உலர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு, குழலைப் பிடித்திருக்கும் ஆப்பை மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். நான்காவது தட்டில் நகர்ந்தது. குண்டை அழுத்தும் நெம்புகோலையே சிலிண்டரின் இரு அறைகளுக்கு நடுவே ஊன்றி நெம்ப, குழல் முன்னால் வந்தது. சிலிண்டரை அச்சிலிருந்து திருகித் திருகி எடுக்க இன்னொரு மாலை பிடித்தது.

நெம்புகோலுக்கு அடியில், குழலின் வயிற்றில், துருவைத் துடைத்ததும் முத்திரைகள் தெரிந்தன. ஒரு நட்சத்திரம், கீழே பி.என். இத்தாலிய மொழியில் போல்வெரே நேரா, கருமருந்து. கார்டோனே வால் திரோம்பியா ஊரின் அரசுச் சோதனைச்சாலை குத்துவது. பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் ஏ.ஏ. அந்த ஊரின் ஆண்டுக் குறியில் அது 1975.

அம்மையாரிடம் தயங்கித்தான் சொன்னேன். அவர் வருந்தவில்லை. கணவர் இளவயதில் போர் மறுநடிப்புகளுக்குப் போய்வருவாராம். ஒருமுறை மழையில் நனைந்து வந்து, துப்பாக்கியைக் கழுவாமலே பெட்டியில் போட்டுவிட்டாராம். அதன்பிறகு அவர் அதை எடுக்கவே இல்லை.

பெட்டி மூடியில் அம்மையார் தன் கைப்படவே எழுதினார்: கார்டோனே, 1975. அடியில் கணவரின் பெயர்.