ஓரத்தை வெட்டலாமா?

என் தங்கையின் மகனுக்கு வயது இருபத்திரண்டு. பல்கலைக்கழக மாணவன். சென்ற வருடம் தன் சேமிப்பைத் திரட்டி ஒரு கமராவும் அதற்கு ஒரேயொரு வில்லையும் வாங்கி வந்தான். அந்த வில்லையின் குவியத் தூரம் 50 மில்லிமீற்றர். அதற்குக் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. எட்ட நிற்கும் பொருளைக் கிட்ட இழுத்துக் காட்டும் ஸூம் வில்லைகள் கடை நிறைய இருக்க, இந்தப் பிடிவாதக்கார வில்லையை ஏன் வாங்கினாய் என்று கேட்டேன்.

"வில்லை அசையாது, மாமா. அதனாலே நான்தான் அசைய வேணும். அப்பதான் கண் பழகும்" என்றான்.

எனக்கு மெத்தச் சந்தோஷம். இளமையில் நானும் இத்தகைய வில்லை ஒன்றோடு பதினைந்து வருடங்கள் மாரடித்தவன். பிலிம் சுருளில் 36 படங்களே இருந்த அக்காலத்தில், ஒவ்வொரு படத்துக்கும் நாலடி முன்னே போய், இரண்டடி பின்னே வந்து, வேலியிலே முதுகு முட்டி நின்றவன். ஆகவே மருமகனிடத்தில் என்னையே கண்டேன் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தச் சந்தோஷம் நல்லூர்த் தேர்த் திருவிழா வரைதான் நீடித்தது. அன்று அவன் எடுத்த படமொன்றைக் கொண்டுவந்து காட்டினான். தகப்பன் ஒருவர் தம் சிறு மகனைத் தோளில் ஏற்றியவாறு நிற்கின்றார். சுற்றிலும் சனசமுத்திரம்; எல்லா முகங்களும் தேரை நோக்கியிருக்கின்றன. பிள்ளை மாத்திரம் தேரைப் பார்க்கவில்லை. தகப்பனின் தலைமயிரை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, கீழே விழுந்துவிட்ட தன் ஊதுகுழலைத் தேடுகின்றது. அருமையான படம். ஆனால் வலது ஓரத்திலே ஓர் ஐஸ்கிறீம் வண்டியின் பாதி புகுந்து நிற்கின்றது. அதன் சிவப்பு எழுத்துக்கள் பார்ப்பவர் கண்ணைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகின்றன.

"அந்த ஓரத்தை வெட்டிவிடு" என்றேன்.

"அது களவு, மாமா" என்றான்.

அவனும் அவனுடைய சிநேகிதர் நால்வரும் தங்களுக்குள் ஒரு விரதம் பூண்டிருக்கிறார்களாம். ஒரே குவியத் தூரமுள்ள வில்லையால் எடுப்பது. எடுத்த சட்டத்தை அப்படியே காட்டுவது. பின்னர் ஓர் இம்மியும் வெட்டுவதில்லை. "பரீட்சை மண்டபத்திலே மணி அடித்த பிறகு விடைத்தாளைத் திருத்தலாமா? அதுபோலத்தான் இதுவும்" என்பது அவன் கட்சி. உவமை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாயிருக்கும் உவமைகள் எல்லாம் நியாயமாய் இருந்துவிடுவதில்லை. முன்னே போயிருக்கக்கூடாதா என்று கேட்டேன். அந்தச் சனத்துக்குள் ஓரடி எடுத்து வைக்கவும் வழியில்லை என்றான். அசைய வேண்டியவன் அசைய முடியாத இடத்தில், வெட்டுவதல்லாமல் வேறென்ன செய்வது?

இவ்விடத்தில் கொஞ்சம் கணக்கும் பார்க்க வேண்டும்; மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு படத்திலே கிட்ட உள்ளது எவ்வளவு பெரிதாகவும் எட்ட உள்ளது எவ்வளவு சிறிதாகவும் தோன்றும் என்பதைத் தீர்மானிப்பது வில்லையன்று. படமெடுப்பவன் நிற்கும் இடமே. 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உள்ள சட்டத்தில் 50 மில்லிமீற்றர் வில்லையால் ஒரு படம் எடுத்து, அதன் நடுவிலிருந்து 18க்கு 12 என்ற அளவில் ஒரு துண்டை வெட்டியெடுத்தால், அதே இடத்தில் நின்று 100 மில்லிமீற்றர் வில்லையால் எடுத்த படம் எப்படியிருக்குமோ அப்படியே இருக்கும். பின்னணி மங்குவதில் மாத்திரம் வேறுபாடு உண்டு: ஒரே துவார இலக்கத்தில் 100 மில்லிமீற்றர் வில்லை பின்னணியைக் கூடுதலாக மங்கச் செய்யும். மற்றப்படி ஸூம் வில்லைக்காரன் பொத்தானை அழுத்துமுன் வெட்டுகின்றான். நாம் அழுத்திய பின் வெட்டுகின்றோம். அவனைக் கள்வன் என்று ஒருவரும் சொல்லக் காணோம்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. மருமகனின் கமரா ஒரு படத்தை 6000க்கு 4000 புள்ளிகளாகப் பதிவு செய்கின்றது. இரண்டு கோடியே நாற்பது இலட்சம் புள்ளிகள். அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது அறுபது இலட்சம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டால், இருபது அங்குல அகலத்துக்கு வரக்கூடிய படம் பத்து அங்குலத்தோடு நின்றுவிடும். நட்டம் பெருநட்டந்தான், பாவமன்று. ஐஸ்கிறீம் வண்டிக்கு ஐந்திலொரு பங்கை வெட்டினாற் போதும்.

கணக்கு அவனை அசைக்கவில்லை. ஆகவே அவனுடைய குருவையே சாட்சிக்கு அழைத்தேன். அவன் அறைச் சுவரிலே ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸோனின் படமொன்று தொங்குகின்றது. 1908 இல் பிறந்து 2004 இல் மறைந்த இந்தப் பிரெஞ்சுக்காரர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை 50 மில்லிமீற்றர் வில்லையோடு கழித்தவர். தம் படங்களை மற்றவர்கள் வெட்டுவதை அறவே வெறுத்தவர். சுவரில் உள்ள படம் அவர் 1932 இல் பாரிஸ் நகரில், சென் லாசார் புகையிரத நிலையத்தின் பின்புறத்தில் எடுத்தது: தேங்கி நிற்கும் நீரின் மேலாக ஒரு மனிதர் பாய்கின்றார், அவருடைய குதிக்கால் நீரைத் தொடுவதற்கு ஒரு மயிரிழைதான் இருக்கின்றது. உலகப் பிரசித்தி பெற்ற அந்தப் படமும் வெட்டப்பட்டதுதான். பலகை வேலியொன்றின் இடுக்கிலே கமராவை வைத்து அவர் அதை எடுத்தார். இடுக்கு ஒடுக்கமாயிருந்தபடியால் இடது பக்கத்தைப் பலகை மறைத்துவிட்டது. அந்தப் பக்கத்தை வெட்டித்தான் படத்தை வெளியிட்டார்.

இதைச் சொன்னதும் மருமகன் வாய்மூடிப் போனான். இரண்டு நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, கதிரையிலே இருக்க முன்னமே சொன்னான்:

"அவர் வெட்டினது பலகையை, மாமா. ஆளை இல்லை. என்ரை படத்திலை வண்டிக்குப் பக்கத்திலே அந்த ஐஸ்கிறீம்காரரும் நிற்கிறார்."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் பதிலும் இருந்தது. 1960 மார்ச் 5 ஆம் திகதி கியூபாவின் ஹவானா நகரில் அல்பேர்ட்டோ கோர்டா என்பவர் சே குவேராவை ஒரு படம் எடுத்தார். அதுவும் 90 மில்லிமீற்றர் என்ற ஒரே குவியத் தூரமுள்ள வில்லையால் எடுத்ததே. முழுச் சட்டத்திலே ஒரு பக்கம் ஈச்சோலை போன்ற ஓலைகள். மறுபக்கம் வேறொருவரின் பக்கவாட்டு முகம். இரண்டையும் வெட்டி, நடுவிலே அந்த முகத்தை மாத்திரம் தனியே நிறுத்தினார் கோர்டா. இன்று உலகமெங்கும் சட்டைகளிலும் சுவர்களிலும் காண்பது அந்த வெட்டுண்ட படம். ஓரத்திலே நின்றவரை எத்தனை பேர் அறிவார்கள்? இதை நான் மருமகனுக்குச் சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஆளை வெட்டுவது என்றதும் எனக்குக் கோர்டாவின் நினைவு வந்து, அதன் பின்னால் வேறொன்றின் நினைவும் வந்துவிட்டது.

1983 ஆம் ஆண்டுத் தைப்பொங்கல். முற்றத்திலே கோலமிட்டு, கல் வைத்து அடுப்பு மூட்டி, பானை பொங்கிச் சரிந்துகொண்டிருக்கிறது. அடுப்புக்கு அப்பால் என் அம்மாவும், அவருடைய தமக்கையாரான என் பெரியம்மாவும் நிற்கின்றார்கள். இரு வீட்டுக்கும் இடையே ஒரு வேலிப் பிரச்சினையால் பதினொரு வருடங்கள் பேச்சுவார்த்தை இல்லாதிருந்து, அந்த வருடந்தான் பெரியம்மா எங்கள் முற்றத்தில் கால் வைத்தார். நான் கமராவுடன் முன்னே வர, "கோலத்தை மிதியாதை!" என்று அம்மா கத்தினார். எட்டடி தூரத்திலே நின்றுவிட்டேன். அந்தக் கணத்தில் பெரியம்மா அம்மாவின் தோளிலே கையை வைத்தார். பொத்தானை அழுத்தினேன்.

1986 இல் அம்மா காலமானார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டும். முன்பக்கத்துக்குப் படம் வேண்டும். தனியே எடுத்த நல்ல படம் ஒன்றேனும் இல்லை. வீட்டில் யாரிடமும் கமரா கொடுக்காமல் எல்லாரையும் நானே எடுத்துத் திரிந்தும், பெற்ற தாயை ஒருநாள் தனியே இருத்தி எடுக்கத் தோன்றாத பிள்ளை நான். பொங்கல் படத்தின் நெகட்டிவைத் தேடி எடுத்தேன். அதில் அம்மாவின் முகம் ஓர் உழுந்தின் அளவு. இறந்தவர் பக்கத்தில் உயிரோடிருப்பவரின் படம் வருவது ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். பெருப்பிக்கும் கருவியை எட்டும் மட்டும் உயர்த்தி, பெரியம்மா நின்ற பக்கத்தை வெளியே தள்ளி, அம்மாவை மாத்திரம் கடதாசியில் விழச் செய்தேன். முகம் சிறிது பொருக்குத்தட்டினாற் போல வந்தது, ஆயினும் அம்மாதான். தோளின் மேலே பெரியம்மாவின் நான்கு விரல்கள் மாத்திரம் மிஞ்சின. தூரிகையால் அதையும் மறைத்துவிடலாம் என்று நண்பரொருவர் சொன்னார். ஏனோ மனம் வரவில்லை.

அந்தியேட்டியன்று கல்வெட்டைக் கையில் வாங்கிய பெரியம்மா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனம் கலைந்த பின் என்னைக் கூப்பிட்டார்.

"என்னை ஏன் மோனை வெட்டினனீ? நாங்கள் இன்னும் கோவம் எண்டெல்லே சனம் நினைக்கும்."

முழுப் படத்தையும் பெரிதாக அச்சடித்துக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து தருகின்றேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனப்பூர்வமாகத்தான் கொடுத்தேன். பிறகு வேலை மாற்றம், பிறகு கடதாசி இல்லை, பிறகு மின்சாரம் இல்லை. நெகட்டிவ் எங்கே போகப்போகிறது என்ற எண்ணம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். நெகட்டிவ்கள் இருந்த தகரப் பெட்டி வீட்டில் நின்றுவிட்டது. மறு வருடம் திரும்பி வந்தோம். கூரை இல்லை. பெட்டிக்குள்ளே தண்ணீர் தேங்கி வற்றி, நெகட்டிவ்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல்லைப் போல ஒரே கட்டியாய்க் கிடந்தன. பெரியம்மா வீட்டு அல்பங்களும் தப்பவில்லை. அவர் 1999 இல் போய்ச் சேர்ந்தார். அந்தப் படத்தைப் பற்றி அவர் பின்னர் ஒரு தடவையும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

வெட்டியது பிழையென்று நான் இன்றும் நினைக்கவில்லை. கல்வெட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை. வெட்டுண்டதைப் பத்திரமாய் வைத்திருந்து உரியவரிடம் சேர்க்காததுதான் என் குற்றம். மருமகனின் விரதம் கண்ணுக்கு நல்ல பயிற்சி. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அவன் வில்லைக்கும் தனக்கும் நியாயம் பேசுகின்றானே ஒழிய, ஓரத்தில் நிற்பவருக்கு நியாயம் என்ன என்பதை அந்த ஐஸ்கிறீம்காரர் வரும்வரை நானுங்கூட நினைக்கவில்லை. நடந்தது ஒன்று, காட்டுவது இன்னொன்று என்று ஆகும்படி வெட்டினால் அது பொய்; எந்த வில்லையால் எடுத்தாலும் பொய். கல்வெட்டைப் பார்த்த சனம் என்ன நினைத்தார்களோ, யான் அறியேன்.

இவ்வளவையும் அவனுக்குச் சொன்னேன். ஒன்றும் பேசாமற் போனான். மறுநாள் ஓரம் வெட்டிய படத்தைக் கொண்டுவந்தான். வெட்டாத மூலத்தை இரண்டு இடங்களில் வேறாகச் சேமித்திருப்பதையும் காட்டினான். வெட்டிய படத்தின் மேல் மூலத்தையே அழித்துச் சேமித்துவிடும் அவசரக்காரர்கள் இருக்கின்றார்கள். அவன் அப்படிச் செய்யவில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் பேத்தி போன மாதம் எனக்கு எழுதியிருந்தாள். தன் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அம்மம்மாவின் படம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லையாம். படமெடுத்துத் திரிந்த மாமாவிடம் இல்லாமலா இருக்கும் என்று கேட்டிருந்தாள். கல்வெட்டின் முன்பக்கத்தைப் பிரதி செய்து அனுப்பினேன். இது உங்கள் அம்மம்மா அல்லவே, சின்ன அம்மம்மா அல்லவா என்று உடனே பதில் வந்தது. தோளைப் பார் என்று எழுதினேன். மோதிரம் போட்ட விரல் அவருடையது.